குழந்தைப் பொறி

அம்பிட்டியவில் என் மாணவனொருவன் தமிழில் உரையாடும் கணினி நிரலொன்றை ஆக்கினான். வேற்றுமை உருபுதோறும் அது தடுமாறவே, சலித்துக் கைவிட முனைந்தான். அவனுக்கு அலன் டியூரிங்கின் வாழ்வைச் சொன்னேன்.

சென்னை மாகாணத்துப் போத்தனூரிற் பிறந்த அன்னைக்கு மகனாய், 1912இல் இலண்டனில் தோன்றியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் மறைமொழியை உடைக்க உழைத்தார். பொறிக்கும் பிழைசெய்ய இடங்கொடுத்தல் வேண்டுமென 1947இல் வாதிட்டார். 1950இல், மனிதரைப்போல் உரையாடும் பொறி கூடுமோ என ஆராய்ந்து, குழந்தைப் பொறியொன்றை ஆக்கிக் கற்பிக்கலாம் என்றார். ஆசிரியனாகிய எனக்கு இனிக்கும் கருத்து அது.

ஆயின், ஆடவரை நேசித்தல் அந்நாட்டுச் சட்டத்திற்குக் குற்றமாகையால், 1952இல் தண்டிக்கப்பட்டார். 1954இல் நஞ்சினால் மாண்டார். அரச மன்னிப்பு வந்ததோ 2013இல்!

பொறியின் பிழையைப் பொறுக்கச் சொன்னவரை மனிதர் பொறுத்தாரில்லை. மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், மீண்டும் திருத்த அமர்ந்தான்.