புழுவை அளந்த பேரறிஞர்

உழவர் வியர்வை சிந்தி வளர்க்கும் பயிரின் வேரைக் கண்ணுக்குப் புலப்படாத நூற்புழுக்கள் கெடுப்பதை நாம் அறிவோமா? அவற்றின் ஆராய்ச்சிக்கே வாழ்வை அளித்தவர் நாதன் அகஸ்டஸ் காப். 1859-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஜெர்மனியின் ஜெனாவில் டாக்டர் பட்டம் பெற்றபின் ஆஸ்திரேலியாவில் பணியாற்றினார்.

ஒரே இனப் புழுக்களும் நீளத்தில் வேறுபடும். பின் எப்படி இனம் காண்பது? உறுப்புகளின் அளவை உடல் நீளத்தின் சதவீதமாகக் குறிக்கும் முறையை அவர் வகுத்தார். 1913-இல் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் வேர்ப்புழுவை விவரித்தார். அதில் பெண்புழுவின் முன்பகுதி வேருக்குள் புதைந்திருக்க, பின்பகுதி வெளியே பருத்திருக்கும். ஆணோ மெலிந்த நூல்!

பகைவனை அடையாளம் கண்டால்தானே பயிரைக் காக்கலாம்? 1932-இல் மறைந்த அப்பெரியாரின் பொறுமையை நாமும் கைக்கொள்வோமாக!