கறுப்புத் திரையின் சிற்பி டென்னிஸ் ரிச்சி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிப்பொறி அறிவியல் மாணவர், திருப்புலி நாடு, கொல்லிமலை)

கணிப்பொறி என்றதும் வண்ணப் படங்களும் மவுசும்தான் நம் கண்முன் நிற்கும். ஆனால் உலகின் வலைத்தளங்களைச் சுமந்து நிற்கும் சர்வர்களுள் பெரும்பாலானவற்றுக்கு இவை இரண்டும் தேவையில்லை. கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை போதும். அந்த ஒற்றை வரிக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர் டென்னிஸ் ரிச்சி ஆவார்.

இவர் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பிராங்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெல் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி. மகன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1963இல் பட்டம் பெற்றார். பின்பு முனைவர் பட்டத்திற்காக ஆய்வேடும் எழுதி முடித்தார். ஆனால் முறைப்படி தைத்துக் கட்டிய பிரதியைச் சேர்ப்பிக்கவில்லை. ஆகவே அப்பட்டம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்கு இது நம்பவே முடியாத செய்திதான்! பெல் ஆய்வுக்கூடமோ 1967லேயே அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டிருந்தது.

அங்கே கென் தாம்சன் என்னும் நண்பர் வாய்த்தார். மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து 1969இல் பெல் ஆய்வுக்கூடம் விலகிக்கொண்டது. தாம்சன் சோர்ந்துவிடவில்லை. அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி. 7 என்ற சிறு கணிப்பொறியில் யூனிக்ஸைத் தொடங்கினார். ரிச்சி தோள் கொடுத்தார். 1972இல் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸின் உட்கரு அம்மொழியிலேயே திருப்பி எழுதப்பட்டது. அதுவரை இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தந்த இயந்திரத்தின் மொழியிலேயே எழுதப்பட்டு, அதனோடு கட்டுண்டு கிடந்தன. யூனிக்ஸ் அக்கட்டை அறுத்துக்கொண்டு இயந்திரம் விட்டு இயந்திரம் தாவியது.

அதே 1973இல், டக் மெக்கில்ராய் என்ற சக அறிஞரின் யோசனைப்படி, பைப் என்னும் குழாய் முறையும் வந்தது. எங்கள் மலையில் மிளகு பறிப்பவர் ஒருவர், உதிர்ப்பவர் ஒருவர், காயவைப்பவர் ஒருவர், புடைப்பவர் ஒருவர். ஒருவர் கைவேலை முடிந்தது அடுத்தவர் கைக்குப் போகும். பைப்பும் அவ்வாறே. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வலைத்தளம் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் வந்தார், எதைக் கேட்டார் என்று சர்வரின் பதிவேட்டில் இலட்சக்கணக்கான வரிகள் குவிந்திருக்கும். ஆக் என்ற கட்டளை ஒவ்வொரு வரியிலும் முதலில் நிற்கும் முகவரியை மட்டும் பறித்தெடுக்கும். சார்ட் அவற்றை வரிசைப்படுத்தும். யுனிக் எண்ணிச் சொல்லும். (யுனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்த்து எண்ணும், அதனால்தான் சார்ட் முன்னே வரவேண்டும்.) மீண்டும் ஒரு சார்ட், பெரிய எண் மேலே வருமாறு அடுக்கும். ஹெட் முதல் பத்தை மட்டும் காட்டும். ஓயாமல் கதவைத் தட்டி மற்றவரை உள்ளே விடாத முகவரி எது என்பது நொடிகளில் தெரிந்துவிடும்.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், யூனிக்ஸின் வழியையே பின்பற்றி, ரிச்சியின் சி மொழியிலேயே எழுந்தது. அதை விலையின்றிப் பெறலாம். பழைய கணிப்பொறியிலும் ஓடும். எங்கள் பக்கத்தில் சில இடங்களில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அந்த மெலிந்த சிக்னலில் படம் நகராது, ஒரு வரி எழுத்து போய்ச் சேர்ந்துவிடும். எழுபது வளைவுகள் இறங்காமலே தொலைதூர சர்வரைப் பேணும் வேலையைச் செய்யலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டானது இதனால்தான்.

ரிச்சி ஆரவாரம் அறியாதவர். நண்பகலில் பணிக்கு வந்து இரவில் நெடுநேரம் உழைப்பது அவர் வழக்கம். பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து அவர் 1978இல் வெளியிட்ட சி மொழி நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. 1983இல் டூரிங் விருது தாம்சனுக்கும் அவருக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது. 2011 அக்டோபரில், நியூஜெர்சியில் தனியே வாழ்ந்த இல்லத்தில் அவர் இறந்து கிடந்தது 12ஆம் நாள் தெரியவந்தது. சில நாட்களுக்கு முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார்; அப்பேரிரைச்சலில் ரிச்சியின் மறைவைக் கவனித்தவர் குறைவு.

அவருடைய ஆய்வேட்டின் பிரதியைக் குடும்பத்தார் பின்னர் தேடிக் கண்டெடுத்தனர். கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் 2020இல் அதை எல்லாரும் படிக்குமாறு வெளியிட்டது.