பனிக்கட்டி வணிகர் டியூடர்

பாசிக்குடாவிலே என் பழைய மாணாக்கர் ஒருவர் இல்லம் அமைத்திருக்கிறார். பாசி படர்ந்த குடா என்னும் பெயர்ப்பொருளைக் கண்ணாற் கண்டு மகிழத்தக்க இடம். முருகைக்கற்பாறை அலையைத் தடுத்துநிற்பதால் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் மார்பளவு ஏறுவதில்லை. அண்மையில் அங்குச் சென்றபோது குழாய் வேலை செய்யும் தம்பி ஒருவர், புதிதாக வந்திறங்கிய உறைபெட்டி ஒன்றிற்கு நீர்க்குழாய் இணைத்துக்கொண்டிருந்தார். நீர்வழியில் ஒரு வால்வையும் வடிகட்டியையும் பொருத்தி, அங்கிருந்து கால் அங்குலக் குழாயைப் பெட்டியின் பின்புறத்துக்குக் கொண்டுவந்தார். பெட்டியை முன்னே இழுக்க வேண்டி வருமென்று குழாயைச் சிறிது சுருளாக விட்டார். மூட்டுக்களைத் துணியால் துடைத்துக் கசிவில்லை எனத் தெளிந்தபின், முதலில் விழும் கட்டிகளைப் பருகாது கொட்டிவிடுமாறு சொல்லிப் புறப்பட்டார்.

பனி என்றால் மார்கழிப் புல்லின் நுனியில் நிற்கும் துளி மட்டுமே என்று அறிந்த நாட்டில், சுவர்க்குழாயிலிருந்து பனிக்கட்டி விழுகிறது! இதனைக் கண்டபோது, ஏறத்தாழ இரு நூற்றாண்டின் முன் பனிக்கட்டியை மரக்கலத்தில் ஏற்றி உலகின் மறுபக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு அனுப்பிய ஒருவரின் வரலாறு நினைவில் எழுந்தது. அவரே பிரெடரிக் டியூடர்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், 1783ஆம் ஆண்டு, செல்வமிக்க வழக்கறிஞரின் மைந்தராகப் பிறந்தவர் இவர். உடன்பிறந்தார் ஹார்வர்ட் கல்லூரியிற் கற்க, இவரோ இளமையிலேயே பள்ளியை விடுத்து வணிகத்திற் புகுந்தார். 1801இல், முழங்கால் நோயால் வருந்திய தம்பி ஜான் ஹென்றியை உடல் தேறும் என்னும் நம்பிக்கையுடன் கியூபாத் தீவின் ஹவானாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கு வெப்பம் தாங்கவொண்ணாததாயிற்று. ஊர் திரும்பியும் தம்பி பிழைக்கவில்லை; மறு ஆண்டிலேயே மறைந்தார். டியூடர் பின்னாளில் வெப்பநாடுகளுக்குக் குளிர்ச்சியை விற்க முனைந்தமைக்கு இத்துயரும் ஒரு காரணமாதல் கூடும் என எண்ணுவது பிழையாகாது.

குளிர்காலத்தில் ஊர்க்குளங்கள் உறைந்து கிடக்கின்றன. அவற்றை வெட்டி வெப்பநாட்டில் விற்றால் என்ன? இவ்வெண்ணத்தைக் கேட்டவர் நகைத்தனர். பனிக்கட்டியை ஏற்ற எந்தக் கப்பல் உரிமையாளரும் இசையாமையால் தாமே ஒரு கப்பலை வாங்கி, 1806 பெப்ரவரியில் ஏறத்தாழ 130 தொன் பனிக்கட்டியுடன் மார்டினிக் தீவுக்குச் சென்றார். சரக்கு நல்ல நிலையிலேயே கரைசேர்ந்தது. ஆனால் அதனை வைத்துக் காக்க அங்கே களஞ்சியம் இல்லை. வாங்கியோருக்கோ அதனைப் பேணும் வகை தெரியவில்லை. விற்பனைக்கு முன்னே சரக்கின் பெரும்பகுதி நீராய் ஓடியது. கடன் மேலிட்டு 1812இலும் 1813இலும் சிறை புகுந்தார்.

ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். வைக்கோல், உமி, மரச்சீவல் முதலியவற்றைச் சோதித்து, மரத்தூளே சிறந்த காப்பு எனத் துணிந்தார். தூளின் இடையிடையே சிறைப்பட்டு நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. எங்கள் பக்கத்து மீன்வாடிகளிலே ஐஸ்கட்டியை மரத்தூளிற் புதைத்து வைத்ததைக் கண்ட முதியோர்க்கு இது புதுமையன்று. இன்னொன்றும் உண்டு. பூச்சியப் பாகையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி உருகுதற்கே 80 கலோரி வெப்பம் வேண்டும்; அவ்வளவு வெப்பம் அந்த நீரை 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. ஆதலின் பனிக்கட்டி உருகுவதில் நாம் நினைப்பதினும் பிடிவாதமுடையது. அவருடன் பணிசெய்த நதானியேல் வையத் 1825ஆம் ஆண்டளவில் குதிரை இழுக்கும் பனிக்கலப்பையை ஆக்கினார். அதனால் கட்டிகள் ஒரே அளவுச் சதுரங்களாக வந்தன. இடைவெளியின்றி நெருக்கி அடுக்கவும் இயன்றது.

1833 மே மாதத்தில் டஸ்கனி என்னும் கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் பொஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு திங்கட் பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து செப்டெம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ நூறு தொன் எஞ்சியிருந்தது! அதுவரை வங்கத்திலே, குளிர்கால இரவுகளில் வைக்கோலின்மீது ஆழமற்ற மண்தட்டுக்களிற் பரப்பிய நீரில் தோன்றும் மெல்லிய பனியையே திரட்டி விற்றனர். பொஸ்டன் கட்டியின் தெளிவுக்கு முன் அது நிற்கவில்லை.

இவ்வெற்றியை டியூடர் அமைதியாக நுகர்ந்தாரில்லை. அக்காலத்திலேயே காப்பிக்கொட்டை வாணிகத்தில் சூதாடியவர்போற் பணத்தை வைத்து இரண்டு இலட்சம் டொலருக்கு மேற் கடன்பட்டார். பனிக்கட்டியின் ஊதியத்தைக் கொண்டு அக்கடனைத் தீர்க்கப் பதினைந்து ஆண்டளவு சென்றது. பிறர்க்குக் குளிர்ச்சி தந்தவர் தாம் ஓயாத வெப்பத்திலேயே வாழ்ந்தார் எனலாம்.

சென்னைக் கடற்கரையில் வட்டவடிவ முகப்புடன் நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் இவ்வாணிகத்துக்கென எழுந்த களஞ்சியமே. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தவை அழிந்தொழிய, இஃது ஒன்றே எஞ்சியுள்ளது.

இதே காலத்திற் புளோரிடாவின் கடற்கரை ஊராகிய அப்பலாச்சிக்கோலாவில் ஜான் கொரி என்னும் மருத்துவர் காய்ச்சலால் வாடுவோரின் அறைகளைக் குளிர்விக்க முயன்றார். காற்றை அழுத்திப் பின் விரியவிட்டுப் பனிக்கட்டி ஆக்கும் பொறியை இயற்றி, 1851இற் காப்புரிமையும் பெற்றார். பொருளுதவி கிட்டவில்லை, ஏளனமே கிட்டியது. இயற்கைப் பனிக்கட்டி வணிகர், சிறப்பாக டியூடர், தமக்கு ஊறு செய்வதாக ஐயுற்று 1855இல் மனமுடைந்து இறந்தார். அவ்வையத்துக்குச் சான்று இல்லை. ஆகவே டியூடர்மேற் பழி சுமத்துதல் முறையன்று. ஆயினும் மருந்தாகக் குளிரைத் தேடியவர் வறுமையில் மாள, சரக்காக விற்றவர் செல்வராய் முடிந்தமை நெஞ்சை உறுத்தவே செய்கிறது.

டியூடர் 1864இல் எண்பதாம் அகவையில் மறைந்தார். சில ஆண்டுகளில் நீராவிப் பொறிகள் இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்க, கப்பல்கள் நின்றன. வெறுமையாய்க் கிடந்த சென்னைக் களஞ்சியம் பிறர் கைக்கு மாறி இல்லமாயிற்று. கொழும்பும் யாழ்ப்பாணமும் கண்டு சென்ற விவேகானந்தர் 1897இல் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். அவ்வாண்டிலேயே சென்னை இராமகிருஷ்ண மடமும் அவ்விடத்திலே தொடங்கிற்று. மடம் 1907இல் மயிலாப்பூருக்குப் பெயர்ந்தது. எங்கள் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1922இல் துறவுப் பயிற்சிக்கெனச் சேர்ந்தது அம்மடத்திலேயே.

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் உறைபெட்டியினுள்ளே கட்டிகள் விழும் ஓசை கேட்டது. மாணாக்கர் எழுந்து சென்று, தம்பி சொன்னபடியே முதற்கட்டிகளை முற்றத்துத் தென்னையடியிற் கொட்டினார். அவை வெள்ளை மணலில் மறைய நெடுநேரம் ஆகவில்லை.