மைக்கேல் பாரடே

இங்கிலாந்தில் 1791-ம் வருஷம் ஏழைக் கருமானுக்குப் புத்திரராய்ப் பிறந்த மைக்கேல் பாரடே கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழு வருஷம் தொழில் பயின்றார். அங்கு வந்த புஸ்தகங்களே அவருக்கு ஆசிரியர்கள். 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக அமர்ந்தார்.

1831 அக்டோபரில், பெரியதொரு காந்தத்தின் துருவங்களுக்கிடையே 12 அங்குல விட்டமுள்ள செப்புத் தகட்டைச் சுழற்றினார். அதில் பிறக்கும் மின்சாரத்தை வெளியே கொணர்வதெப்படி? கம்பியை விளிம்பில் பற்றவைத்தால் முறுக்கிக்கொள்ளுமன்றோ? விளிம்பிலே பாதரசம் பூசி, அதற்கேற்ப நுனி குடைந்த செப்பு, ஈயத் துண்டுகளை அதன்மேல் உராயும்படி வைத்தார். கால்வனாமீட்டர் ஊசி விலகிற்று. தகட்டைப் புகழ்வோர் இந்த ஈயத்துண்டை ஏனோ மறந்துவிடுகின்றனர். இவ்வகை யந்திரம் தருவது சொற்ப வோல்டேஜில் பெருத்த மின்னோட்டம்; தொடுமிடத்தில் சிறிது தடையிருப்பினும் சக்தி உஷ்ணமாய் விரயமாகும். பிற்காலத்துக் கரி பிரஷ்ஷுகளுக்கும் இதுவே கவலை.

ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி தேடிவந்தும் ஏற்காத பாரடே, 1867-ல் காலமானார்.