புனித அருளானந்தர் கேட்ட மனமாற்றம்

நம் கொங்கு நாட்டில் சத்தியமங்கலம், கருமத்தம்பட்டி முதலிய ஊர்களுக்கு விசுவாச ஒளி தந்தவர்கள் பழைய மதுரை மிஷன் குருக்கள். அம்மிஷனில் உழைத்து உயிரைக் கொடுத்தவரே புனித அருளானந்தர்.

1647-ல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்த இவர், 1674-ல் தமிழகம் வந்து, காவியுடுத்தி, மரக்கறி உணவுண்டு வேதம் போதித்தார். 1686-ல் மறவர் சீமையில் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தார். ஐரோப்பா சென்றும் அங்கே தங்காமல் 1690-ல் திரும்பி வந்தார்.

அச்சீமையின் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கோ மனைவியர் பலர். முதல் மனைவியோடு மட்டும் வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் இணங்கி, 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அவருடைய முறையீடு அரண்மனையை எட்டியது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

பெரிய இடத்துக் காரியம் என்று கண்டும் காணாமல் இருந்திருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார். ஆனால் ஓர் ஆன்மாவுக்காகத் தாம் கடவுளிடம் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யும் நாம், தெரிந்தே செய்யும் பாவத்தைக் கைவிடாமல் மன்னிப்பை மட்டும் கேட்கலாமா? தேவர் விட்டார், நாமும் விடுவோம்.