மெதுவாகப் பாடியவர்

பிள்ளைகளே, தமிழ் வகுப்பில் சத்தமாக வாசிக்க உங்கள் முறை வரும்போது எப்படி இருக்கும்? பக்கத்தில் இருப்பவர் கடகடவென்று வாசித்து முடித்துவிடுவார். நீங்கள் மட்டும் எழுத்து எழுத்தாகப் போவீர்கள். கொஞ்சம் வெட்கமா இருக்கும், இல்லையா? நானும் வெளிநாட்டில்தான் பள்ளிக்கூடம் போனேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதனால் இன்றைக்கு, மெதுவாகப் பாடியே பேர் வாங்கிய ஒருவரைப் பற்றிப் படிப்போம். அவர் எம். டி. ராமநாதன்.

அவர் 1923ஆம் ஆண்டு கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள மஞ்சப்ரா என்ற ஊரில் பிறந்தார். அப்பா தேவேச பாகவதர் பாட்டு வாத்தியார். அதனால் வீட்டிலேயே பாட்டுப் பாடம் தொடங்கிவிட்டது. பிறகு ராமநாதன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினார்.

பட்டம் வாங்கியவர் அடுத்து என்ன செய்வார்? வேலை தேடுவார். ஆனால் ராமநாதன் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். 1944இல் சென்னைக்கு வந்து, அடையாறில் இருந்த கலாக்ஷேத்திரத்தில் இசை படிக்கத் தொடங்கினார்.

கலாக்ஷேத்திரம், ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலைப் பள்ளி. நம்ம ஆஸ்திரேலியாவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரியுமா? ஆஸ்திரேலியப் பயணத்தில், கப்பலில்தான் ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவோடு அவருக்கு நட்பு வளர்ந்தது. நடனத்தில் ஆசை வந்ததும் அந்த நட்பால்தான்.

கலாக்ஷேத்திரத்தில் ராமநாதனுக்குக் குருவாக இருந்தவர் டைகர் வரதாச்சாரியார். ஆமாம், டைகர் என்றால் புலிதான்! அது அவருக்கு வந்த பட்டப்பெயர். அப்போது அவருக்கு வயது 68 இருக்கும். அவருடைய குரல் தேன் மாதிரி இனிக்கும் குரல் இல்லை. கனமான குரல். ஆனாலும் ஒரு ராகத்தை எடுத்தால், புதுசு புதுசாகக் கற்பனை செய்து பாடுவார். பெரிய பெரிய வித்துவான்களும் அவரை மதித்தார்கள். நல்ல பாட்டுக்கு இனிமையான குரல் மட்டும் போதாது, யோசனையும் வேண்டும் என்பதற்கு, குருவே கண்முன் உதாரணமாக இருந்தார்.

ராமநாதனின் குரலும் ரொம்பக் கனமானது. மற்ற பாடகர்கள் பாடும் சுருதியைவிடத் தாழ்ந்த சுருதியில்தான் அவர் பாடினார். அதுவும் மெதுவாக, மிக மெதுவாக! இன்றைக்கு அவருடைய ஒலிப்பதிவைக் கேட்டால், யாராவது வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டார்களா என்று நீங்கள் போனைப் பார்ப்பீர்கள்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. சிலர் குறை சொன்னார்கள். வேகமாகப் பாடினால் நிறையக் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனாலும் அவர் மாறவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார். நடுவில் வரும் மௌனத்துக்கும் இடம் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டவர்கள் அவரை விடவே இல்லை.

1950இல் குரு காலமானார். ராமநாதனோ கலாக்ஷேத்திரத்தை விட்டுப் போகவில்லை. படித்த இடத்திலேயே ஆசிரியராகிப் பல வருஷம் சொல்லிக் கொடுத்தார். சுமார் 300 பாடல்களும் எழுதினார். பாட்டு எழுதுகிறவர்கள் தங்கள் அடையாளமாகப் பாட்டுக்குள் ஒரு பெயரை வைப்பார்கள். அதற்கு முத்திரை என்று பெயர். ராமநாதனின் முத்திரை 'வரததாச'. வரதாச்சாரியாரின் அடியவன் என்று அர்த்தம். பாருங்க, தன் பெயரை வைக்க வேண்டிய இடத்தில் குருவின் பெயரை வைத்தார்!

1974இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1984இல் அவர் மறைந்தார்.

அடுத்த வாரம் வகுப்பில் வாசிக்க உங்கள் முறை வரும். அவசரப்படாதீங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்க. நாங்கள் காத்திருந்து கேட்போம்.

பேசுவோம்

1. பட்டம் வாங்கிய பிறகு ராமநாதன் ஏன் மறுபடியும் மாணவரானார் என்று நினைக்கிறீர்கள்?
2. 'வரததாச' என்ற முத்திரையின் அர்த்தம் என்ன?
3. நீங்கள் மெதுவாகக் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லுங்கள்.