தீரர் சத்தியமூர்த்தி

புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் நாள் தோன்றியவர் சத்தியமூர்த்தி. சட்டம் பயின்றவராயினும், நீதிமன்றத்தினும் மேடையே அவர்க்கு உரிய களமாயிற்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே நாவன்மை வாய்ந்தவர். நாடகத்தை இழிதொழிலெனக் கற்றோர் ஒதுக்கிய காலத்தில் தாமே வேடமிட்டு நடித்தார்; நாடகக் கலைஞரைத் தேசியத் தொண்டிலும் ஈடுபடுத்தினார்.

சட்டசபைகளைப் புறக்கணித்தலே நெறியென்று காங்கிரசார் பலர் நின்றனர். உட்புகுந்தே அன்னியராட்சியை எதிர்த்தல் வேண்டுமென்பது சத்தியமூர்த்தியின் துணிபு. சென்னைச் சட்டசபையிலும், பின்னர் டில்லியிலுள்ள மத்திய சட்டசபையிலும் அவர் தொடுத்த வினாக்கணைகளுக்கு ஆட்சியாளர் அஞ்சினர். முத்துலட்சுமி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது அவர் எதிர்த்து நின்றமையை நாம் மறைத்தல் தகாது. அவ்விடத்து அவர் பிழைத்தார் என்றே கருதுகின்றோம்.

1936இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானார், காமராசர் செயலாளரானார். 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணத் தேர்தல் நெருங்கிற்று. பல்லாண்டு பதவியிலிருந்த நீதிக்கட்சியிடம் செல்வரும் சமீன்தார்களும் இருந்தனர். சத்தியமூர்த்தியோ ஊர்தோறுஞ் சென்று பேசினார். காங்கிரசுக்குரிய மஞ்சட் பெட்டி பட்டிதொட்டியெங்கும் பேச்சாயிற்று. 1937இல் வாக்குகளை எண்ணியபோது, 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. பொப்பிலி அரசர் தம் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார்.

வெற்றிக்கு உழைத்தவர் முதல்வராதல் இயல்பன்றோ? அவ்வாறு நிகழவில்லை. தாம் நிற்கவிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராசகோபாலாச்சாரியார்க்கு விட்டுக்கொடுத்தார்; அவரே யூலை மாதத்தில் முதலமைச்சரானார். மந்திரிசபையிலும் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. அவர் உள்ளம் நொந்திராது என்று நாம் எங்ஙனம் கூறுவோம்? ஆயினும் கட்சியைப் பிளந்தாரல்லர். மாணவர் மன்றத் தேர்தலிலே தோற்றவுடன் மன்றத்தையே துறக்கும் நம் மாணாக்கர் சிலர் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் படிப்பாராக.

1939இல் சென்னை நகர மேயரானார். நகரின் குடிநீர்ப் பஞ்சந் தீரப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிவகுத்தார். அது 1944இல் நிறைவெய்தியபோது அவர் உயிருடனில்லை. 1940இல் காமராசர் தலைவராக, முன்னாள் தலைவராகிய அவர் தம் சீடர்க்குக் கீழே செயலாளராய் அமர்ந்தார். இத்தகைய நிகழ்ச்சி அரசியலில் அரிது.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்திற் சிறைப்பட்டு, அமராவதிச் சிறையில் உடல்நலங் குன்றி, 1943 மார்ச் 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் ஆவி நீத்தார்.

நாடு விடுதலை பெற்றபோது, காமராசர் முதன்முதல் தேசியக்கொடி ஏற்றியது சத்தியமூர்த்தியின் இல்லத்திலேயாம்.